எந்த வரலாறு காணாத மழை?

மழை கொஞ்சம் ஓங்கிப் பெய்துவிட்டால் போதும். அமைச்சர், கலெக்டர், டி.வி. நிருபர் எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்தான். 'வரலாறு காணாத மழை!' அடுத்த வருஷம் மழை பொய்த்தால் வாக்கியம் மாறாது, கடைசி வார்த்தை மட்டும் மாறும். 'வரலாறு காணாத வறட்சி!'

எந்த வரலாறு சார்?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 80 செ.மீ.தான். பயங்கரமான மழைதான், மறுக்கவில்லை. ஆனால், அதற்கு முன்னால் அங்கே இப்படிப் பெய்ததே இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மழைமானியை வைத்து. சென்னையில் மழையை அளந்து எழுதிவைக்க ஆரம்பித்தது 1813-ல். இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-ல். ஆகக்கூடி, நம் மழையின் 'வரலாறு' சுமார் இருநூறு வருஷம். கீழடிக்கு வயது 2600 என்று மார் தட்டுகிற நாம், மழை விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரன் மொட்டை மாடியில் டப்பா வைத்த நாளிலிருந்து வரலாற்றை ஆரம்பித்துக்கொள்கிறோம்!

அதற்கு முந்தைய மழையைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, மேடைப் பேச்சாளரின் பதில்: 'அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது.' இன்னொன்று, கரிசல்காட்டுக்காரரின் பதில்: 'இது சபிக்கப்பட்ட பூமி. எப்பவுமே இப்படித்தான்.' விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் டீக்கடையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். இரண்டையும் ஒரே ஆள், ஒரே டீ முடிவதற்குள் சொல்வார்.

சிவகாசிக்கு அந்த வறட்சிதான் முதலீடு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்கிற மழை, ஈரமில்லாத காற்று, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அடிக்கிற வெயில், விவசாயத்தை நம்ப முடியாத ஜனங்கள். தீக்குச்சி காய வேண்டும், பட்டாசு காய வேண்டும், ஒட்டிய காகிதக் குழாய் காய வேண்டும். இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்கள் மேகத்தைப் பார்த்து மகிழ்ந்தால், இங்கே அண்ணாந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். மழை நாளில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை.

ஆக, ஒரு வட்டாரத்தின் வாழ்க்கையே 'இங்கே மழை குறைவு' என்ற ஒரு வரியின் மேல் நிற்கிறது. அந்த வரி எத்தனை நூற்றாண்டாக உண்மை? நடுவே எப்போதாவது ஐம்பது வருஷம் விடாமல் நல்ல மழை பெய்ததா? அல்லது இருபது வருஷம் தொடர்ந்து வறண்டதா? பாட்டில் மழை பெய்கிறதே என்பீர்கள். புலவர் பாட்டில் பெய்கிற மழையை மில்லிமீட்டரில் அளக்க முடியாது.

ஆனால், அளக்க முடிகிற சாட்சிகள் நம் காலடியில் கிடக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. பெரும்பாலானவை எடை 16. சுமார் ஐந்நூறில் ஒன்று, எடை 18. வேதியியலில் இரண்டும் ஒன்றேதான். கனம் மட்டும் கொஞ்சம் வேறு. இதை ஐசோடோப் என்பார்கள். பாட்டி முறத்தில் தானியம் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமி பறக்கும், மணி தங்கும். கடலிலிருந்து நீர் ஆவியாகும்போதும் அதுதான் நடக்கிறது. லேசான தண்ணீர் முந்திக்கொண்டு மேலே போகும், கனமானது பின்தங்கும். மேகம் மழையாகும்போது தலைகீழ். கனமானது முதலில் விழும். மேகம் கொட்டக் கொட்ட, பின்னால் வருகிற மழையில் கனமான ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். நம் போன்ற வெப்ப நாடுகளில், அதிகம் பெய்த மழையில் ஆக்ஸிஜன் 18 பெரும்பாலும் குறைவு. அற்ப மழையில் அதிகம்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பீர் பாட்டில் வருகிறது. 1952-ல் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்ற விஞ்ஞானி, வீட்டுப் புல்வெளியில் காலி பீர் பாட்டிலை வைத்து, வாயில் ஒரு புனலைச் செருகி, மழையைப் பிடித்தார். கொண்டுபோய் அளந்தார். மழைக்கு மழை ஆக்ஸிஜன் கணக்கு மாறுவது தெரிந்தது. அங்கே ஆரம்பித்தவர் பிற்பாடு கிரீன்லாந்துப் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்துப் பல்லாயிரம் வருஷத்துத் தட்பவெப்பத்தைப் படித்துக் காட்டினார். காலி பீர் பாட்டிலுக்கு நம் நாட்டிலும் பஞ்சமில்லை. (டாஸ்மாக்கை நம்பியாவது விஞ்ஞானம் வளர்ந்திருக்கலாம்.)

நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால், நத்தை இருக்கிறது.

கண்மாய்த் தண்ணீரில் வாழ்கிற நத்தை, அந்தத் தண்ணீரின் ஆக்ஸிஜனை எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. கண்மாய் நிரம்பியிருந்த வருஷத்து ஓடு ஒரு கணக்குச் சொல்லும். கண்மாய் வற்றி, லேசான தண்ணீரெல்லாம் ஆவியாகி, கனமானது தேங்கிய வருஷத்து ஓடு வேறு கணக்குச் சொல்லும். நத்தை செத்துப்போகும். ஓடு வண்டலில் புதையும். அதன்மேல் அடுத்த வருஷத்து வண்டல். இந்த ஆக்ஸிஜன், தேதி சொல்கிற கார்பன் 14 மாதிரி சிதைந்து கரைகிற சரக்கு இல்லை. நிலையானது. கார்பன் 14 கடிகாரம் என்றால், ஆக்ஸிஜன் 18 மழைமானி. ஓடு கெடாமல் இருந்தால் ஆயிரம் வருஷம் கழித்து எடுத்து அளந்தாலும் அதே கணக்குதான்.

கற்பனை இல்லை. ஹரியானாவில் கோட்லா டஹர் என்று ஒரு வறண்ட ஏரிப் படுகை. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி மூவரும் அங்கே குழி வெட்டி, அடுக்கடுக்காக நத்தை ஓடுகளைப் பொறுக்கி, ஆக்ஸிஜனை அளந்தார்கள். சுமார் 4100 வருஷத்துக்கு முன் பருவமழை திடீரென்று பலவீனமாகிப்போனது தெரிந்தது. சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலம் அது. 2014-ல் வெளியான ஆய்வு. அவர்கள் அளந்த நத்தை இனம் ஏதோ அபூர்வப் பிராணி இல்லை. நம் குளத்திலும் வாய்க்காலிலும் கிடக்கிறதே, நீளமாக, திருகாணி மாதிரி, அதேதான்.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்குப் பக்கத்து மாம்லு குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூணும் கிட்டத்தட்ட அதே காலத்து மழைக் குறைவைத் தன் ஆக்ஸிஜனில் குறித்து வைத்திருக்கிறது. அந்தத் தூணை அடையாளமாக வைத்து 2018-ல் உலகப் புவியியலாளர்கள் கடந்த 4200 வருஷங்களுக்கு 'மேகாலயன் காலம்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். நீங்களும் நானும் இப்போது வாழ்வது மேகாலயன் காலத்தில். தெரியுமோ?

சரி, தமிழ்நாட்டில்? நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. யானை ஆராய்ச்சியால் பேர் வாங்கிய ஆர்.சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர்.ரமேஷ் உள்ளிட்ட நால்வர் நீலகிரிச் சதுப்பு மண்ணை எடுத்து, அதிலிருந்த கார்பனை அளந்தார்கள். கார்பனிலும் இதே மாதிரி 12, 13 என்று லேசு, கனம் உண்டு. செடிகள் அதில் இரண்டு கட்சி. நெல்லும் மரங்களும் ஒரு கட்சி. கம்பு, சோளம், கேழ்வரகு, திணை, வெயில் தாங்குகிற புல் இன்னொரு கட்சி. இரண்டுக்கும் கார்பன் 13 கணக்கில் ஆயிரத்துக்குச் சுமார் 14 வித்தியாசம். குழப்பிக்கொள்ளவே முடியாது. மண்ணில் மக்கியது எந்தக் கட்சி என்று பார்த்தால் அந்தக் காலம் ஈரமா, வறட்சியா என்று தெரிந்துவிடும். சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன் நீலகிரியில் வறட்சி, புல் ராஜ்ஜியம். சுமார் பதினோராயிரம் வருஷத்துக்கு முன் நல்ல ஈரம். பிறகு, சில ஆயிரம் வருஷங்களுக்கு முன் மறுபடி வறட்சி. 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. உலகமே படிக்கிற பத்திரிகை. எத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் ரமேஷ் பெயரை அச்சிட்டன? 2018-ல் அவர் காலமானார். சினிமாத் துணை நடிகருக்குக் கிடைக்கிற இடம்கூட அவருக்குக் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இன்னொரு விஷயம் முக்கியம். ஹரியானாவும் மேகாலயாவும் சொல்வது தென்மேற்குப் பருவமழையின் கதை. விருதுநகருக்குச் சோறு போடுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வடகிழக்கு. அங்கே படித்ததை இங்கே ஒட்டிக்கொள்ள முடியாது. கேரளத் தேக்கை எடுத்து, ஒரே வருஷத்து வளையத்தைப் பொடிப்பொடியாகச் சீவி, இரண்டு பருவமழையின் ஆக்ஸிஜனையும் தனித்தனியாகப் படிக்க ரமேஷ் குழு முயன்றிருக்கிறது (2011). அது மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நம் பனைமரத்தில் வருஷ வளையமே கிடையாது. ஆகவே நமக்கு மண்தான் கதி. மண், ஓடு, எலும்பு.

இப்போது வெம்பக்கோட்டைக்கு வருகிறேன். சிவகாசிக்குப் பக்கம், வைப்பாற்றங்கரை. 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அங்கே விஜயகரிசல்குளத்தில் குழி வெட்ட ஆரம்பித்தது. மூன்று கட்டம் வெட்டினார்கள். சங்கு வளையல், சுடுமண் பொம்மை, கண்ணாடி மணி, தந்தத்தில் செய்த பதக்கம். அருமை. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். கந்தகமும் பேரியமும் மணக்கிற ஊருக்குள் ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிற்பேட்டை! பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால், பேப்பரில் தலைப்பாக வருவது என்ன? எத்தனை பொருள் கிடைத்தது, எத்தனை ஆண்டு பழமை. இரண்டே கேள்வி. கீழடிக்கு கி.மு. 580, 2019-ல் கைதட்டினோம். சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345, 2025-ல் மறுபடி கைதட்டினோம். நம் தொல்லியல் ஆர்வம் மெல்ல மெல்ல வயது வழக்காக மாறிவிட்டது. எங்க தாத்தா உங்க தாத்தாவுக்கு மூத்தவர். சரி, ஒத்துக்கொண்டார்கள். தாத்தா என்ன சாப்பிட்டார்? அவர் காலத்தில் மழை எப்படி? எதற்காக ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனார்? இதைக் கேட்க ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கார்பன் தேதி சொல்கிற ஆய்வுக்கூடங்கள் தேதிக்குப் பக்கத்திலேயே கார்பன் 13 அளவையும் வழக்கமாக அச்சடித்துத் தருகின்றன. தேதிக் கணக்கைத் திருத்த அது தேவை. நாம் தேதியைப் பார்த்தோம், கைதட்டினோம், காகிதத்தை மடித்து வைத்தோம். ஒரே ஒரு கரித்துண்டு பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாதுதான். ஆனால், நூறு கரித்துண்டு, ஐம்பது தானிய மணி, இருபது மாட்டுப் பல் சேர்ந்தால் பேச ஆரம்பித்துவிடும். மாட்டுப் பல்லின் எனாமலை நுனியிலிருந்து வேர்வரை சுரண்டிச் சுரண்டி அளந்தால் மழைக்காலம், வெயில்காலம் மாறி மாறித் தெரியும். அது தின்றது சோளத்தட்டையா வைக்கோலா என்பதும் தெரியும். உங்கள் முப்பாட்டன் கம்மங்கூழ் குடித்தாரா, நெல்லுச்சோறு சாப்பிட்டாரா என்பதையும் எலும்பே சொல்லிவிடும், ஜாதிச் சங்கத்து மலரைப் பார்க்க வேண்டியதில்லை. சங்கு வளையல் மட்டும் இதில் உதவாது. சங்கு கடல்வாசி, நம் ஊர் மழை அதற்குத் தெரியாது. பாருங்கள், கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது சங்கு வளையல். மழையைத் தெரிந்த நத்தை ஓட்டையும் மாட்டுப் பல்லையும் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

சிவகாசிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. எட்டாம் வகுப்பு தாண்டாத பெரியவர்கூட ஸ்ட்ரான்ஷியம் என்றால் சிவப்பு, பேரியம் என்றால் பச்சை என்று சொல்வார். அதே ஸ்ட்ரான்ஷியத்தின் ஐசோடோப்புகளை வைத்துத்தான் ஒரு பல்லுக்குச் சொந்தக்காரர் எந்த மண்ணில் வளர்ந்தவர் என்று உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கிறார்கள்.

என் கோபம் தொல்லியல் துறைமீது மட்டும் இல்லை. அவர்களாவது தூரிகை வைத்து மெதுவாக வெட்டுகிறார்கள். கண்மாயை ஜேசிபி வெட்டுகிறது.

2017-ல் குடிமராமத்து என்று பழைய பெயரைத் தூசு தட்டி, கண்மாய் தூர்வாரும் திட்டம் வந்தது. ஆட்சி மாறியும் வண்டல் எடுப்பது நிற்கவில்லை. 2024-ல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தாரிடமே அனுமதி வாங்கி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. தூர்வார வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூர்ந்த கண்மாய் தண்ணீர் தாங்காது. கரம்பை அடித்தால் கரிசல் நிலம் தெம்பாகும், காலகாலமாகச் சம்சாரிகள் செய்வதுதான். அந்த வண்டல் விவசாயி பேரைச் சொல்லிச் செங்கல் சூளைக்குப் போகிற கதை உங்களுக்கே தெரியும், அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம். நான் சொல்வது வேறு. பல நூறு வருஷத்து மழைக் கணக்கு எழுதியிருக்கிற ஒரே நோட்டுப் புத்தகத்தை, ஒரு பக்கம்கூட ஜெராக்ஸ் எடுக்காமல் டிப்பரில் ஏற்றி அனுப்புகிறோம்.

விஷயம் தெரிந்தவர்கள் உடனே மடக்குவார்கள். 'கரிசல் மண் கோடையில் ஆளை விழுங்குகிற அளவுக்கு வெடிக்கும். மேல் மண் வெடிப்புக்குள் விழும். அடுக்கெல்லாம் கலந்துபோகும். அதோடு, ஊர்க்காரர்கள் காலகாலமாக வெட்டிய மண்ணில் என்ன வரலாறு?' நியாயமான கேள்வி. பல கண்மாய்கள் பக்கம் கிழிந்த புத்தகங்கள்தான். ஆனால், மடைக்குப் பக்கத்துப் பள்ளம், கடைசிவரை தண்ணீர் நிற்கிற இடம், யாரும் வெட்டாத மூலை என்று ஒவ்வொரு கண்மாயிலும் உண்டு. கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் இருக்கிறது. அதுவும் மண்ணுக்குள் மழைநீரால் ஊறி உண்டான சுண்ணாம்புதான், அதிலும் ஆக்ஸிஜன், கார்பன் கணக்கு இருக்கிறது. நூறு புத்தகத்தில் தொண்ணூறு கிழிந்திருந்தால் மிச்சம் பத்தைத் தேட வேண்டும். கிழிந்தது என்று சொல்லி மொத்தத்தையும் சூளையில் போடுவது என்ன நியாயம்?

'இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' இது அடுத்த கேள்வி. கலுங்கை எத்தனை அகலம் கட்ட வேண்டும், கரையை எத்தனை உயரம் ஏற்ற வேண்டும் என்று நீர்வளத் துறை இன்ஜினீயர் எதை வைத்து முடிவு செய்கிறார்? மழைமானிக் கணக்கை வைத்து. நூறு சொச்சம் வருஷக் கணக்கு. அதில் இல்லாத மழை வந்தால் கரை உடையும். உடைந்ததும் 'வரலாறு காணாத' என்று அறிக்கை விட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன் பத்து வருஷம் தொடர்ந்து வறண்டது என்று தெரிந்தால், குடிநீருக்கு என்ன வழி என்று இன்றைக்கே யோசிக்கலாம். பூமி சூடாகி மழையின் போக்கு மாறுகிறது என்கிறார்கள் இப்போது. எதிலிருந்து மாறுகிறது? பழைய நிலை தெரிந்தவனுக்குத்தானே மாற்றம் தெரியும்?

செலவும் பெரிசில்லை. அளக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கோடிக்கணக்கில் விலை, உண்மை. அதை ஊருக்கு ஒன்று கேட்கவில்லை. அகமதாபாத்தில் இருக்கிறது, வேறு ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது. நான் கேட்பது நாலு மீட்டர் பிவிசி குழாய். ஜேசிபி இறங்குவதற்கு முன்னால், கண்மாயின் ஆழமான இடத்தில் குழாயை அடித்து இறக்கி, மண்ணோடு உருவி, இரண்டு முனையையும் மூடி, எது மேல், எது கீழ் என்று மார்க்கர் பேனாவில் எழுதி, பக்கத்துக் காலேஜின் நிழலான அறையில் படுக்க வைக்க வேண்டும். இன்று அளக்க ஆள் இல்லையா? இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து ஒரு பெண் பி.எச்டி. செய்ய வருவாள், அவள் அளப்பாள். தாசில்தார் தருகிற அனுமதியில் இதற்கு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக் கஜானா இதனால் காலியாகாது.

போன கோடையில் சாத்தூர் தாண்டி ஒரு கண்மாய்க்குள் இறங்கினேன். ஊர் பேர் வேண்டாம். டிப்பர் நின்றுகொண்டிருந்தது. குவித்த வண்டலில் திருகாணி ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். டிரைவர் தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கோழிக்கா?"

"இல்ல தம்பி, ஆராய்ச்சிக்கு."

அவர் சிரித்தார். நல்ல மனுஷன், தானும் இறங்கி வந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஓடுகளோடு வீட்டுக்கு வந்து, மண்ணியல் படித்த நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். மூடியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நல்ல ஓடு. எத்தனை அடி ஆழத்துல கிடைச்சுது?"

"தெரியலியே. ஜேசிபி அள்ளிப் போட்ட குவியல்ல இருந்து எடுத்தேன்."

பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அப்ப கோழிக்கே போட்ருங்க."